பந்து யாருடைய கையில் இருந்தது? கிழக்காசிய உதைபந்தாட்டங்களும் அவற்றின் பெயர்களும்

கால்பந்து எங்கே பிறந்தது என்ற கேள்விக்கு 2004-ஆம் ஆண்டு ஃபிஃபா ஒரு விடை சொன்னது. சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில், இன்றைய ட்சிபோ மாநகரின் ஒரு பகுதியாக இருக்கும் லின்ட்சி என்ற பழைய நகரமே அந்த ஆட்டத்தின் மிகத் தொன்மையான வடிவம் தோன்றிய இடம் என்று அது ஏற்றுக்கொண்டது. 2006-இல் சீன அரசு அந்தப் பழைய ஆட்டத்தைத் தன் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2015-இல் லின்ட்சியில் கால்பந்து அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. இந்த உரிமைக்கெல்லாம் அடிப்படை ட்சூஜு என்ற சொல். உதைத்தலைக் குறிக்கும் ஓர் எழுத்தும் தோல்பந்தைக் குறிக்கும் ஓர் எழுத்தும் சேர்ந்தது அது. அதே இரண்டு எழுத்துகளைக் கொரியர்கள் சுக்குக் என்றும் ஜப்பானியர்கள் கெமாரி என்றும் வாசித்தார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆட்டமும் ஒன்றே என்றும், அது சீனாவில் தொடங்கிக் கிழக்கே பரவி, நாளடைவில் வலுவிழந்து, பிறகு ஐரோப்பாவில் வேறு உருவில் எழுந்தது என்றும் ஒரு கதை நிலைத்துவிட்டது. சான்றுகள் அந்தக் கதையைத் தாங்கவில்லை. ஒரே பெயரின் கீழ்க் குறைந்தது மூன்று வெவ்வேறு ஆட்டங்கள் வாழ்ந்திருக்கின்றன. படை, கலைஞர் சங்கம், அரசவைக் குடும்பம் என்று பந்தைப் பேணிய அமைப்பு மாறியபோதெல்லாம் விதிகளும் மாறின. ஆட்டத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது அதைப் பேணியவர்களின் தேவை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மிகப் பழைய குறிப்புகளிலிருந்து தொடங்கலாம். சிமா சியான் கி.மு. 1-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி முடித்த ஷிஜி என்ற வரலாற்று நூலில், லின்ட்சியின் செழிப்பைப் புகழும் ஒரு பேச்சு வருகிறது. போரிடும் நாடுகளின் காலத்தில் சூ சின் என்பவர் அரசன் முன் பேசியதாக அது சொல்லப்படுகிறது. குழல் ஊதுதல், நரம்புக்கருவி மீட்டுதல், சேவற்சண்டை, நாயோட்டம், பலகையாட்டம் ஆகியவற்றோடு பந்தாட்டமும் அந்த ஊராரின் பொழுதுபோக்குகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. அங்கே வரும் சொல்லும் ட்சூஜு அல்ல, தாஜு. பந்தை மிதித்தல் என்று பொருள். லின்ட்சியின் பெருமைக்கு முதன்மைச் சான்று இந்த ஒரு வரிதான். எத்தனை பேர் ஆடினார்கள், இலக்கு இருந்ததா, வெற்றி எப்படி முடிவானது என்பது பற்றி அதில் எதுவும் இல்லை. அதே நூல் சுன்யூ யீ என்ற மருத்துவரின் நோயாளிக் குறிப்புகளையும் காத்து வைத்திருக்கிறது. உடலை வருத்திக்கொள்ளக் கூடாது என்று அவர் எச்சரித்தும் ஒரு நோயாளி பந்து உதைக்கப் போனார். வியர்த்துக் கொட்டியது, இரத்தம் கக்கினார், இறந்துபோனார். தம் கணிப்பு பலித்ததைக் காட்டவே மருத்துவர் இதை எழுதினார். ஆனாலும் அந்த ஆட்டம் உடலிடம் எவ்வளவு கேட்டது என்பதையும், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் ஒருவரால் அதை விட முடியவில்லை என்பதையும் இந்தச் சிறு குறிப்பு போல வேறெதுவும் நமக்குச் சொல்வதில்லை.

விதிகளின் தடயம் கிடைப்பது படையின் பக்கத்தில். ஹான் அரசமரபின் அரண்மனை நூல்களின் பட்டியல் பான் கூ எழுதிய ஹான் வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. அதில் ட்சூஜு பற்றி 25 இயல்கள் கொண்ட நூல் ஒன்று வருகிறது. வில், வாள், கைச்சண்டை பற்றிய நூல்களுக்குப் பக்கத்தில், படைத்திறன் என்ற பிரிவில் அது வைக்கப்பட்டிருக்கிறது. நூல் அழிந்துவிட்டது, அது இருந்த அலமாரி மட்டும் நமக்குத் தெரிகிறது. அந்த நூலகத்தை ஒழுங்குபடுத்திய லியூ சியாங், வீரர்களைப் பயிற்றவும் அவர்களில் திறமையுள்ளவர்களைக் கண்டறியவும் இந்த ஆட்டம் பயன்பட்டதாகக் கருதினார். படைத்தலைவர் ஹுவோ ச்சூபிங் எல்லைப்புறத்தில் வீரர்கள் பசியால் எழுந்து நிற்கவும் முடியாமல் கிடந்தபோது பந்துக்களம் அமைத்து ஆடினார் என்று சிமா சியான் குறைகூறி எழுதுகிறார். கி.மு. 168-இல் மூடப்பட்ட மாவாங்துயி கல்லறையிலிருந்து 1973-இல் எடுக்கப்பட்ட பட்டு ஏடுகளில் ஒரு புராணக் கதை இருக்கிறது. மஞ்சள் பேரரசர் தாம் தோற்கடித்த பகைவனான சீயோவின் இரைப்பையை அடைத்துப் பந்தாக்கி மக்களிடம் கொடுத்தாராம். அதிகம் அடித்தவர்களுக்குப் பரிசும் தந்தாராம். பகைவனின் உடலே பந்து என்று எண்ணும் கற்பனை, ஆட்டத்தைப் போரின் நீட்சியாகப் பார்த்தவர்களிடமிருந்துதான் வந்திருக்க முடியும். பிற்கால ஹான் புலவர் லீ யோ பந்துக்களத்துக்கென்றே ஒரு சிறிய வாசகம் எழுதினார். வட்டப் பந்து, சதுரச் சுவர், எதிரெதிர் நிற்கும் இரு தரப்பு, தலைவர், நடுவர், வேண்டியவர் வேண்டாதவர் பாராத தீர்ப்பு என்று அதில் வருவதெல்லாம் ஆட்சிக்கும் படைக்கும் உரிய ஒழுங்கு.

இங்கே ஒரு மறுப்பு எழும். லின்ட்சியில் ஆடியவர்கள் நகரத்தார், மருத்துவரின் நோயாளியும் படைவீரர் அல்ல, கி.மு. 81-இல் நடந்த உப்பு, இரும்பு விவாதத்தைப் பதிவுசெய்யும் நூலும் ஏழைத் தெருக்களில் பந்து உதைத்ததைக் குறிப்பிடுகிறது. அப்படியிருக்க, ஹான் கால ஆட்டத்தைப் படைக்குரியதாகச் சொல்வது எப்படிப் பொருந்தும்? ஆடியவர்களும் ஆட்டத்தை எழுதி வைத்தவர்களும் வேறு வேறு என்பதை இந்த மறுப்பு கவனிக்கத் தவறுகிறது. தெருவில் ஆடியவர்களின் விதிகள் என்னவாக இருந்தாலும் அவை அவர்களோடு போய்விட்டன. சுவர் கட்டிய களம், எண்ணிக்கை குறித்த அணி, நடுவர், நூல் என்று நிலையான வடிவம் தந்தவை படையும் அரண்மனையும்தான். அவற்றுக்கு வேண்டியது இரு தரப்பாகப் பிரிந்து மோதும் ஆட்டம். அதையே அவை பேணின. ஹான் காலத்து வடிவம் இன்றைய கால்பந்துக்கு நெருக்கமாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். இரு அணி, ஒரு பந்து, ஒரு நடுவர் என்ற கட்டமைப்பு, ஒழுங்குக்குள் அடங்கிய மோதலை விரும்பும் எந்த அமைப்பிலும் தோன்றக்கூடியது. ஆனால் ட்சூஜுவின் பிற்கால வரலாறு அந்தக் கட்டமைப்பைத் தொடர்ந்து வளர்க்கவில்லை. பெயரைக் காத்துக்கொண்டு கட்டமைப்பைக் கைவிட்டது.

தாங் காலத்தில் முதலில் மாறியது பந்து. 7-ஆம் நூற்றாண்டில் ஹான் வரலாற்றுக்கு உரை எழுதிய யென் ஷிகூ, ஜு என்பது தோலால் செய்து உள்ளே பொருள் அடைத்த பந்து என்று விளக்கினார். 8-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கலைக்களஞ்சியம் தொகுத்த ஷூ ஜியென், தம் காலத்துப் பந்து வேறு என்று குறித்துவைத்தார். பழைய பந்து மயிரைச் சுருட்டிச் செய்தது. இப்போதையது தோலுறைக்குள் விலங்கின் நீர்ப்பையை வைத்துக் காற்றூதி அடைப்பது என்பது அவர் தரும் செய்தி. ஜு என்ற பழைய எழுத்தும் ச்சியூ என்ற புதிய எழுத்தும் ஒரே பொருளையே குறிப்பதாகவும் அவர் சொல்கிறார். முன்னதில் தோலுக்கான உறுப்பும் பின்னதில் மயிருக்கான உறுப்பும் இருக்கின்றன. பந்து தோலுக்கும் காற்றுக்கும் மாறிய காலத்தில் மயிர் உறுப்புள்ள எழுத்து வழக்குக்கு வந்தது விந்தைதான். எழுத்தின் வடிவத்தை வைத்து ஆட்டத்தின் வடிவத்தை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எச்சரிக்கை இல்லை. காற்றடைத்த பந்து இலேசானது, உயரே எழும்பும், உடம்பில் பட்டாலும் வலிக்காது. தரையில் முட்டி மோதுவதை விட்டு ஆகாயத்தில் பந்தை ஆளும் ஆட்டத்துக்கு அது வழிதிறந்தது. அந்த வழியில் யார் நடந்தார்கள் என்பது அடுத்த கேள்வி.

சோங் காலத்துத் தலைநகர் கைஃபெங்கின் நினைவுகளை மெங் யுவான்லாவ் 1147-இல் எழுதினார். பேரரசரின் பிறந்தநாள் விருந்தில் நடந்த பந்தாட்டத்தை அவர் விவரிக்கிறார். களத்தின் நடுவில் சுமார் 3 ஜாங் உயரத்தில், அதாவது ஐந்து ஆள் உயரத்துக்கும் மேலாக, ஓர் அலங்கார வளைவு எழுப்பப்பட்டது. வண்ணக் கயிற்று வலையின் நடுவே ஏறத்தாழ ஓரடி அகலத்துக்கு ஒரே ஓர் ஓட்டை. இடப்படை, வலப்படை என்ற பழைய போர்ப் பெயர்களை அணிகள் இன்னும் தாங்கியிருந்தன. ஆனால் இரு அணிகளும் வளைவின் இரு புறமும் தள்ளியே நின்றன, ஒருவர் மீது ஒருவர் படுவதில்லை. ஓர் அணியினர் பந்தைத் தமக்குள் தட்டிப் பக்குவமான நிலையில் தலைவருக்குக் கொடுப்பார்கள், அவர் ஓட்டை வழியே மறுபுறம் அனுப்புவார், எதிரணி அதைத் தரையில் விடாமல் ஏற்று அதே முறையில் திருப்ப வேண்டும். வென்றவர்களுக்கு வெள்ளிக் கிண்ணமும் பட்டும் கிடைக்கும். தோற்ற அணியின் தலைவருக்குக் கசையடி, முகத்தில் பூச்சு. இது முழுக்க முழுக்கக் காட்சிக்காக அமைந்த வடிவம். மோதிப் புழுதி கிளப்பினால் தொலைவில் மேடையில் அமர்ந்திருக்கும் பேரரசருக்கு எதுவும் தெரியாது. அவ்வளவு உயரத்தில் சின்ன ஓட்டைக்குள் நுழையும் பந்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

அரண்மனைக்கு வெளியே இன்னொரு வடிவம் பரவியது. அதன் பெயர் பாய்தா. இலக்கே கிடையாது. ஒருவர் தனியாக ஆடலாம், பத்துப் பேர் வரை சேர்ந்தும் ஆடலாம். தோள், மார்பு, முதுகு, முழங்கால், பாதம் என்று கை தவிர்த்த உடம்பால் பந்தைக் கீழே விழாமல் ஆள வேண்டும். அடவுகளின் அழகும் கடினமும்தான் மதிப்பிடப்பட்டன. இதைப் பேணியவை நகரத்துச் சங்கங்கள். ஹாங்ஜோவில் புகழ்பெற்றிருந்த ச்சியுன்ஷெ அல்லது யுவான்ஷெ என்ற சங்கம் ஆசிரியர், மாணவர் முறையைக் கைக்கொண்டது. சங்க மரபில் எழுந்த கையேடுகள் அடவுகளுக்குப் பெயரிட்டன, ஆளுக்கேற்ப நிற்கும் இடங்களை வரைந்து காட்டின, ஆடுபவர் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கத்தையும் தவிர்க்க வேண்டிய குணங்களையும் பட்டியலிட்டன. பந்து செய்வதே தனிக் கைத்தொழிலாக இருந்தது. பன்னிரண்டு தோல்துண்டுகளை நூல் வெளியே தெரியாதபடி தைத்து முழு வட்டமாக்க வேண்டும் என்று அந்த மரபு எதிர்பார்த்தது. திறமையை விற்று வாழ்பவர்களுக்கும், பயின்று பெருமை கொள்ளும் நகரத்து ஆடவருக்கும் எதிராளி தேவையில்லை. மதிப்பிடத் தெரிந்த பார்வையாளர்தான் தேவை. மோதல் மறைந்து அடவு வளர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

இந்த மாற்றத்தை வீழ்ச்சி என்று எழுதும் வழக்கம் ஆய்வாளரிடையே உண்டு. வீரம் மிக்க போர்ப்பயிற்சி வெறும் கேளிக்கையாகத் தேய்ந்தது, தேய்ந்ததால்தான் அழிந்தது என்பது அவர்கள் முடிவு. இதற்குத் துணையாகக் காவ் ச்சியூவைக் காட்டுவார்கள். பந்து உதைக்கும் திறமையால் ஹுயிட்சோங் பேரரசரின் நெருக்கத்தைப் பெற்று உயர்பதவிக்கு வந்தவராகப் பேசப்படும் அவரை, பிற்கால நாவலான ஷுயிஹூ ஜுவான் கொடியவராகவே வரைந்தது. ஆனால் காலவரிசை இந்த முடிவுக்கு எதிராக நிற்கிறது. சங்கம், கையேடு, தொழில்முறைக் கலைஞர், பந்து செய்யும் கைவினைஞர் ஆகிய அனைத்தும் ஒருசேர நமக்குத் தெரியவருவது மோதல் மறைந்த பின்னர்தான். சோங் அரசின் முதல் பேரரசரே தம் அமைச்சர்களோடு பந்து உதைப்பதாக வரைந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து உதைக்கும் காட்சி அக்கால வெண்கலக் கண்ணாடிகளின் முதுகில் வார்க்கப்பட்டிருக்கிறது. ஆட்டம் சமூகத்தில் மிக அகலமாக வேர்விட்ட காலம் அதுதான். மிங் அரசைத் தோற்றுவித்த ஜூ யுவான்ஜாங் 1389-இல் படையினர் பந்து உதைத்தால் காலை வெட்டுமாறு ஆணையிட்டதாகச் சொல்லப்படுகிறது. ஒரு காலத்தில் படைப்பயிற்சியாக இருந்த ஆட்டம் படையைக் கெடுக்கும் ஆட்டமாக அரசின் கண்ணுக்குப் பட்டது. பேணிய அமைப்புகள் சிதறின. ச்சிங் காலத்துக்குள் பந்து பின்வாங்கி, இறகு பொருத்திய ஜியென்ட்சியை உதைத்து மேலெழுப்பும் பழக்கம் தெருக்களில் அந்த இடத்தைப் பிடித்தது. ஆட்டம் மென்மையானதால் அழியவில்லை, ஆதரவு அற்றதால் அழிந்தது.

கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் வரும்போது 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு கதைகள் நம்மை நிறுத்துகின்றன. சில்லா நாட்டில் படைத்தலைவர் கிம் யூ-ஷின் அரச குலத்தவரான கிம் சுன்-சுவோடு பந்து உதைத்தார். வேண்டுமென்றே அவருடைய ஆடையை மிதித்து அதன் நாடாவைக் கிழித்தார். தைத்துத் தருவதாகத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். தைக்க வந்த தங்கை முன்ஹி பின்னர் சுன்-சுவின் மனைவியானாள். சுன்-சு 654-இல் அரசரானபோது அவள் அரசியானாள். ஜப்பானில் 644-இல் ஹோகோஜி கோயிலருகே நடந்த ஆட்டத்தில் இளவரசர் நகா நோ ஓஎயின் காலணி பந்தோடு கழன்று விழுந்தது. அதை எடுத்து மண்டியிட்டு நீட்டினார் நகதோமி நோ கமதாரி. இளவரசரும் மண்டியிட்டே பெற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டில் இருவரும் சேர்ந்து சோகா குலத்தின் ஆதிக்கத்தை வீழ்த்தினார்கள். இரண்டு கதைகளும் பிற்காலத்தில் எழுதப்பட்டவை. சம்பவம் அப்படியே நடந்தது என்று நம்ப வேண்டியதில்லை. ஆனால் எழுதியவர்கள் பந்துக்களத்தை எப்படிக் கண்டார்கள் என்பதற்கு அவை சாட்சி. கிழிந்த ஆடையும் கழன்ற காலணியும், பதவியில் தாழ்ந்தவர் உயர்ந்தவரை நெருங்க வாய்ப்பாகின்றன. யார் வென்றார்கள் என்று எவரும் கேட்கவில்லை. அரசவையின் கையில் பந்து வந்ததும் அதன் வேலை மனிதரை இணைப்பதாக மாறிவிட்டதை இங்கேயே காண்கிறோம்.

பெயர்களை நம்பி ஆட்டத்தை அடையாளம் காண்பது எவ்வளவு ஆபத்தானது என்பதையும் இதே கதைகள் காட்டுகின்றன. 720-இல் முடிந்த நிஹொன் ஷோகி நூல் கமதாரி ஆடியதைப் பந்தை அடித்தல் என்று பொருள்படும் எழுத்துகளால் குறிக்கிறது. அவை கோலால் அடிக்கும் ஆட்டத்துக்கும் பொருந்துபவை. அதனால் அது உதைபந்தா, கோற்பந்தா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். சில பத்தாண்டுகளுக்குப் பின் கமதாரியின் வழிவந்த ஃபுஜிவாரா குலத்தின் வரலாற்றை எழுதியவர்கள் அதே சம்பவத்துக்கு உதைபந்து என்ற எழுத்துகளைப் பயன்படுத்தினார்கள். அரசவை கெமாரியைத் தன்னுடையதாக்கிக்கொள்ளத் தொடங்கியதும் தன் முன்னோரும் அதையே ஆடியதாக எழுதியிருக்கலாம். கொரியாவில் 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சம்குக் யூசாவைத் தொகுத்த துறவி இர்யொன், நாம் சுக்குக் என்று எழுதுவதைச் சில்லா மக்கள் மணியை வைத்து விளையாடுவது என்ற பெயரால் அழைத்தார்கள் என்று குறிப்பெழுதினார். உள்ளூரில் வேறு பெயரோடு வாழ்ந்த ஆட்டத்தின் மேல் சீன எழுத்து ஒரு மேலுறையாகப் போர்த்தப்பட்டது. கோகுர்யோ மக்கள் ட்சூஜுவில் தேர்ந்தவர்கள் என்று பழைய தாங் வரலாறு பாராட்டும்போதும், சீன எழுத்தாளர் தமக்குத் தெரிந்த பெயரை அயலாரின் ஆட்டத்துக்குச் சூட்டினாரா என்ற கேள்வி எஞ்சுகிறது.

கெமாரியை நெருங்கிப் பார்த்தால் அது தனி ஆட்டம் என்பது தெளிவாகும். ககாரி எனப்படும் களத்தின் நான்கு மூலைகளில் நான்கு மரங்கள் நிற்கும். வடகிழக்கில் செர்ரி, தென்கிழக்கில் வில்லோ, தென்மேற்கில் மேப்பிள், வடமேற்கில் பைன். பெரும்பாலும் எட்டுப் பேர் நிற்பார்கள். பந்து இரண்டு மான்தோல் அரைக்கோளங்களைக் குதிரைத்தோல் வாரால் இணைத்துச் செய்தது. உள்ளே தானியத்தை இட்டு உருவம் படியவைத்து, பின்னர் தானியத்தை எடுத்துவிடுவதால் வெற்றுக்கூடாக, கையில் எடுத்தால் எடையே தெரியாமல் இருக்கும். வலது காலால் மட்டும் உதைக்க வேண்டும். ஏற்பதற்கு ஓர் உதை, தனக்கென்று ஓர் உதை, அடுத்தவருக்கு ஓர் உதை என்பது சிறந்த முறை. மேல் உடம்பு அசையக் கூடாது. கிளைகளில் பட்டு எந்தப் பக்கம் விழும் என்று தெரியாமல் வரும் பந்தைக் காப்பதில்தான் திறமை. உதைக்கும்போது எழுப்பும் ‘அரி’, ‘யோ’, ‘ஓ’ என்ற ஒலிகள் பந்தின் ஆவிகளுடைய பெயர்கள் என்பார்கள். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபுஜிவாரா நோ நரிமிச்சி ஆயிரம் நாள் பயிற்சி நோன்பை முடித்த இரவில், குரங்கு உடலும் குழந்தை முகமும் கொண்ட மூன்று ஆவிகள் அவருக்குத் தோன்றியதாக மரபு சொல்கிறது. பேரரசர் கோ-தோபாவின் ஆதரவில் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலை வலுப்பெற்றது. அசுகாய், நன்பா ஆகிய குடும்பங்கள் அதைப் பரம்பரைச் சொத்தாகக் காத்தன. அசுகாய் மாளிகை இருந்த இடத்தில்தான் இன்று கியோட்டோவின் ஷிராமினே ஆலயம் நிற்கிறது. பந்தின் தெய்வம் அங்கே வழிபடப்படுகிறது.

கெமாரியில் போட்டியே இல்லை என்பதும் மிகைதான் என்று ஒருவர் மறுக்கலாம். உதைகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும் வழக்கம் இருந்தது. எட்டுப் பேரில் யார் எங்கே நிற்பது என்பதிலும் தகுதி பார்க்கப்பட்டது. குடும்பங்கள் தம் நுட்பங்களை இரகசியமாகக் காத்தன. இந்த மறுப்பு நியாயமானது. என் வாதத்தை அது வலுப்படுத்தவே செய்கிறது. எண்ணப்பட்ட உதைகள் எட்டுப் பேரும் சேர்ந்து ஈட்டியவை. ஒருவர் தவறவிட்டால் எல்லோருக்கும் தவறும். போட்டி களத்திலிருந்து விலகி, யாருக்கு எந்தத் தகுதி என்ற ஏணிக்குள் இடம்மாறியது. எடோ காலத்தில் இக்குடும்பங்கள் சான்றிதழ் வழங்கின; எந்த நிற ஆடை அணியலாம் என்பதைக்கூட அந்தச் சான்றிதழ்தான் முடிவுசெய்தது. பணமுள்ள வணிகர்களும் கட்டணம் செலுத்தி அதைப் பெற்றார்கள். பரம்பரை உரிமையால் வாழும் குடும்பத்துக்கு வெற்றியும் தோல்வியும் உள்ள ஆட்டம் ஆபத்து. பதினெட்டு வயதுக் குடியானவன் குலத்தலைவரைத் தோற்கடித்துவிட்டால் அதிகாரம் என்னவாகும்? நடையும் நிலையும் முறையும் மதிப்பிடப்படும் ஆட்டத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமை எப்போதும் ஆசானிடமே இருக்கும். கூட்டாக ஆடும் கெமாரியின் அழகு உண்மையானது. அந்த அழகைத் தாங்கி நின்ற அமைப்பும் உண்மையானது.

இன்னும் இரண்டு விளக்கங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மாற்றத்துக்குக் காரணம் காற்றடைத்த பந்துதான் என்பது ஒன்று. இங்கிலாந்தில் பன்றியின் நீர்ப்பையை ஊதிச் செய்த பந்தை வைத்து ஊருக்கு ஊர் மோதிக்கொண்டார்கள். ஜப்பானில் நீர்ப்பை இல்லாத வெற்றுத்தோல் பந்தை வைத்து மோதாமல் ஆடினார்கள். பந்து வாய்ப்பைத் தருகிறது, தேர்வைச் செய்வது மனிதர்தான். கிழக்கத்தியர் இணக்கத்தை விரும்புபவர்கள், மேற்கத்தியர் போட்டியை விரும்புபவர்கள் என்பது இரண்டாவது விளக்கம். மலேசியத் தமிழர்களுக்கு நன்கு பழக்கமான செபாக் தக்ராவ் இதை உடைக்கிறது. அதன் மூலமான செபாக் ராகா, வட்டமாக நின்று பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் உதைத்த கூட்டாட்டம். 1940-களில் மலாயாவில் நடுவே வலை கட்டி, புள்ளி எண்ணி ஆடத் தொடங்கினார்கள். 1965-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளிலும் 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுகளிலும் அது பதக்கத்துக்கான ஆட்டமானது. வெற்றி தோல்வி இல்லாத மியான்மரின் சின்லோனும் 2013 தென்கிழக்காசிய விளையாட்டுகளுக்குள் நுழையும்போது மதிப்பெண் முறையை ஏற்க வேண்டியிருந்தது. மக்கள் மாறவில்லை, பண்பாடும் ஒரு தலைமுறையில் மாறிவிடாது; ஆட்டம் ஊர்த் திடலிலிருந்து தேசியச் சம்மேளனத்தின் கைக்குப் போனது. பதக்கம் தரவேண்டிய அமைப்புக்கு வென்றவர் ஒருவர் வேண்டும்.

நவீனக் கால்பந்து கிழக்காசியாவுக்கு வந்தபோது நடந்த பெயரிடலும் இதையே உறுதிப்படுத்துகிறது. 1873-இல் டோக்கியோவில் கடற்படைப் பள்ளி மாணவர்களுக்குப் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் இந்த ஆட்டத்தைக் கற்பித்ததாகச் சொல்வார்கள். மெய்ஜி காலத்தில் அதைக் கெமாரியின் ஒரு வகை என்று விளக்கியவர்களும் உண்டு. தெரியாததைத் தெரிந்ததால் விளக்கும் முயற்சி அது. அந்த விளக்கம் நிலைக்கவில்லை. ஷூக்யூ என்ற புதுச்சொல் நிலைத்தது. உதைக்கும் எழுத்தை வைத்துக்கொண்டு பழைய பந்தெழுத்தை மாற்றினார்கள். அசோசியேஷன் கால்பந்து அ-வகை ஷூக்யூ என்றும், ரக்பி ர-வகை ஷூக்யூ என்றும் பிரித்தறியப்பட்டன. வசேதா பல்கலைக்கழக அணி இன்றும் அ-வகை என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது. 1921-இல் உருவான தேசியச் சங்கமும் ஷூக்யூ சங்கமே. 1946-இல் அரசு வெளியிட்ட பொதுவழக்கு எழுத்துப் பட்டியலில் உதைக்கும் எழுத்து இடம்பெறாததால் சாக்கா என்ற கடன்சொல் பரவியது; 1974-இல் சங்கமும் அந்தப் பெயருக்கு மாறியது. கொரியர்கள் அதே இரு எழுத்துகளைச் சுக்கு என்று வாசித்து இன்றுவரை வைத்திருக்கிறார்கள். தாயகம் என்று பாராட்டப்படும் சீனாவிலோ கால்பந்தின் பெயர் ட்சூச்சியூ. கால், பந்து என்று ஆங்கிலப் பெயரைத் தழுவிய சொல். கால்பந்து ஜப்பானியப் பள்ளிகளில் வேரூன்றிக்கொண்டிருந்த 1903-இல்தான் கெமாரியைக் காக்க கியோட்டோவில் தனிச் சங்கம் அமைக்கப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த தலைமுறை, ஒன்று மற்றொன்றின் பிள்ளை என்று எண்ணவில்லை.

எனவே லின்ட்சியின் உரிமையை எப்படி மதிப்பிடுவது? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே மக்கள் பந்து உதைத்து மகிழ்ந்தார்கள் என்பதும், ஹான் காலத்தில் அணியும் நடுவரும் கொண்ட ஆட்டம் இருந்தது என்பதும் போற்றத்தக்க உண்மைகள். அங்கிருந்து 1863-இல் லண்டனில் வகுக்கப்பட்ட விதிகளுக்கு ஒரு வழி இருந்ததாகக் காட்ட எந்தச் சான்றும் இல்லை. அந்த விதிகள் ஆங்கிலேயப் பள்ளிகளின் மாறுபட்ட ஆட்டங்களைச் சமரசம் செய்ய எழுந்தவை. ட்சூஜுவோ அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறு திசையில் நடந்துவிட்டது. ஒற்றுமை வம்சாவளி ஆகாது. முதலிடம் என்ற பட்டத்தை வழங்கும்போது இந்த ஆட்டங்களிடமிருந்து நாம் பறித்துக்கொள்வதும் அதிகம். கால்பந்தின் மூதாதையாகப் பார்த்தால் பாய்தா இலக்கை இழந்த ஆட்டமாகவும் கெமாரி எதிராளியை இழந்த ஆட்டமாகவும்தான் தெரியும். அவற்றின் சொந்த அளவுகோலால் பார்த்தால், கையால் தொடாமல் உடம்பு முழுவதையும் பந்துக்குப் பழக்கிய கலையும், எட்டுப் பேர் ஒரே மூச்சாக இயங்கிய ஒழுக்கமும் தெரியும். இன்று இவற்றைப் பேணுவது மரபுரிமைத் துறையும் சுற்றுலாவும் அருங்காட்சியகமும். அவற்றுக்கும் அவற்றுக்குரிய தேவைகள் உண்டு; கால்பந்தைப் போலத் தோன்றும் பகுதிக்கே வெளிச்சம் பாய்ச்சும் ஆசை அவற்றில் முதன்மையானது. அந்த ஆசைக்கு இடம்கொடுத்தால் சங்கத்தாரின் அடவுகளும் சில்லாவின் மறந்த பெயரும் இன்னொரு முறை மறைந்துபோகும். இந்த ஆட்டங்களைப் பற்றி எழுதுவோரும் காட்சிப்படுத்துவோரும் அடுத்துச் செய்ய வேண்டியது எளிது: எது முதலில் வந்தது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு காலத்திலும் யார் ஆடினார்கள், யார் பேணினார்கள், பந்திடம் அவர்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்று கேட்பது.